திரையைப் பூட்டிய பிணம்

காசிலிங்கம் செத்துப் போயிருந்தார்!

பாளையங்கோட்டையில் அவர் நடத்தும் டி.டி.பி. சென்டரின் உள்ளறை. நாற்காலிக்குக் கீழே உடம்பு. மேசையில் விஷம் கலந்த காபி டம்ளர்.

கலந்தவன் கணேஷ்ராம். தொழில் கூட்டாளி. சென்டரைத் தனியாக ஆளவேண்டும் என்று ஆசை.

செத்தவரே எழுதியது போல, கம்ப்யூட்டரில் தற்கொலைக் கடிதம் அடித்து முடித்தான். அந்த நேரம் பார்த்து...

ட்ரிங்... ட்ரிங்...!

முன்னறையில் போன். எடுக்காவிட்டால் எவனாவது நேரில் வந்து தொலைப்பான். ஓடினான்.

"ஹலோ... கணேஷ்ராம் பேசுதேன்."

"சடங்குப் பத்திரிகை ரெடியா அண்ணாச்சி?"

"சாயங்காலம் வாங்க."

வைத்ததும் சுரீரென்றது. கணேஷ்ராம்...!

சென்டர் கடிதங்களுக்கெல்லாம் தன் பேரையே போட்டுப் பழகின விரல்கள்! தற்கொலைக் கடிதத்தின் கீழேயும் 'இப்படிக்கு, கணேஷ்ராம்' என்று அடித்துவிட்டு வந்திருக்கின்றன!

உள்ளே பாய்ந்தான்.

கடிதத்தைக் காணோம். கறுத்த திரையில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன.

'ஏலே... கைய எடு!'

ஸ்கிரீன் சேவர்! ஆள் கொஞ்சம் நகர்ந்தாலும் தானாகப் பூட்டிக்கொள்ளும்படி காசிலிங்கம் வைத்திருந்தது.

கீயைத் தட்டினான். பாஸ்வேர்டு கேட்டது. காசிலிங்கம் என்று அடித்தான்.

தப்பு என்றது!

சுவிட்சை அணைத்தால் போதும்... சேவ் பண்ணாத கடிதம் ஒழிந்தது. கையை நீட்டினான்.

"ஐயோ...!"

வாசலில் சாப்பாட்டுத் தூக்கோடு சங்கரி. காசிலிங்கத்தின் மனைவி. தூக்கு கை நழுவி உருண்டது.

அப்புறம் ஊர் கூடியது. அத்தனை கண்களுக்கு முன்னால் சுவிட்சைத் தொட வழியில்லை. போலீஸ் வந்தது.

இன்ஸ்பெக்டர் எலியேசர் திரையைப் பார்த்தார்.

"பூட்டிக் கெடக்கே... என்னவே செய்ய?"

"அணைச்சுப் போட்டா தெறந்துக்கிடும் சார்! நானே அணைக்கட்டா?"

"வேண்டாம் சார்!" சங்கரி கதறினாள். "சேவ் பண்ணாததெல்லாம் அழிஞ்சிரும்னு அவுக சொல்லுவாக."

"பாஸ்வேர்டு தெரியுமாம்மா?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

"என்னது!"

"அவுகள வீட்டுல கூப்பிடுத பேரு சார். தாலி கட்டின நாள்லருந்து நான் வாயால சொன்னதில்ல. 'நீ எவன்கிட்டயும் உளற மாட்டே'ன்னு சிரிச்சுக்கிட்டே அத வச்சாக..."

கணேஷ்ராமுக்கு உயிர் வந்தது.

கரண்ட் போனது!

மின்விசிறி நின்றது. ஆனால் திரை அணையவில்லை. மேசைக்கடியில் யு.பி.எஸ். கத்தியது.

கீங்... கீங்...

பேட்டரி பழசு. செத்துரு... சீக்கிரம் செத்துரு... மனசுக்குள் கும்பிட்டான். வேறு என்ன செய்ய முடியும்?

"அவரு ஏன் செத்தாருன்னு தெரிய வேண்டாமாம்மா? சொல்லுங்க!"

"மாட்டேன் சார்."

"பாவம் சார், விட்டுருங்க..." என்றான் கணேஷ்ராம்.

"நீரு சும்மா இரும்வே!"

கீங்கீங்கீங்...!

சங்கரி கண்ணைத் துடைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லத்தான் கூடாது சார்... அடிக்கலாம்லா?"

விரல்கள் ஓடின. பேர் தெரியவில்லை. வெறும் நட்சத்திரங்கள்தான் வரிசையாக விழுந்தன. கணேஷ்ராம் ஓட நினைத்தான். வாசலை அடைத்துக்கொண்டு போலீஸ் நின்றது.

திரை திறந்தது!

எலியேசர் குனிந்து வாசித்தார். "என் சாவுக்கு யாரும் காரணம் இல்லை. இப்படிக்கு..."

நிமிர்ந்தார். கணேஷ்ராமின் தோளில் பைய கை வைத்தார்.

"என்னவே... கடிதாசி எழுதி வச்சிட்டு, சாக மறந்துட்டீரா?"