எட்டாவது கட்டம்

அடிக்கோல் இல்லாமல் ஒரு கோடுகூடப் போட மாட்டார் மொரிவாக்கி மாமா. ஊருக்குச் சேதி சொல்லும் அட்டையை எழுதுவது அவர்தான். அதன் அடியில் வீட்டுக்கு ஒரு கட்டம் இருக்கும். படித்தவர்கள் தங்கள் கட்டத்தில் முத்திரை குத்தி, அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும்.

கடைசி வீடு பத்து வயது கொஹருவுடையது. சனிக்கிழமை மாலை, அட்டையைத் திருப்பிக் கொடுக்க மாமா வீட்டுக்குப் போனாள். 'நாளை காலை வாய்க்கால் தூர் வாருகிறோம். வீட்டுக்கு ஒருவர் வரவும்' என்று அதில் எழுதியிருந்தது.

"மேட்டு வீட்டு அயனோ இந்தத் தடவையும் வரமாட்டா, பாரு" என்றார் மாமா. "தண்ணி மட்டும் வேணும், சேத்துல கால் வைக்க மாட்டாளாம். நாளைக்கும் வரலேன்னா அவ வயல் மடையை அடைச்சிடுவேன்!"

கொஹருவுக்குத் திக்கென்றது. இன்னும் இரண்டு வாரத்தில் நாற்று நட வேண்டுமே! அயனோ அக்கா பாவம்.

அட்டையைப் பார்த்தாள். கட்டங்கள் ஏழு. ஊரில் வீடுகளோ எட்டு.

"மாமா, இதை நாளைக்கு வாய்க்கால்ல வச்சுத் தர்றேன்!"

பதிலுக்கு நிற்காமல் ஓடினாள். வழியில் உட்கார்ந்து பென்சிலால் எட்டாவது கட்டம் போட்டாள். அது கோணல்மாணலாக வந்தது.

அயனோ அக்கா குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. ஆனால் கொஹரு அங்கே போனபோது, வீட்டில் பெட்டிகள் பிரிக்காமலே கிடந்தன.

அக்கா அட்டையை இரண்டு முறை படித்தாள். "போன தடவையும் வேலை நடந்துச்சா? எனக்கு யாருமே சொல்லலையே! என்னை இங்க யாருக்கும் பிடிக்கலைன்னு நினைச்சேன், கொஹரு. திரும்பிப் போயிடலாம்னுதான் பெட்டியைக்கூடப் பிரிக்கலை." அவள் கண் கலங்கியது.

"எனக்குப் பிடிக்கும்க்கா. முதல்ல முத்திரை குத்துங்க."

"அதுவும் ஏதோ ஒரு பெட்டிக்குள்ள இருக்கு!"

இருவரும் சிரித்துவிட்டார்கள். கொஹரு ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பாதியாக வெட்டினாள். பள்ளியில் செய்வதுபோல அதில் அக்காவின் பெயரைச் செதுக்கி, மை தடவிக் குத்தினாள். முத்திரை கட்டத்தைவிடப் பெரிதாக விழுந்தது.

மறுநாள் எல்லோருக்கும் முன்பே அயனோ அக்கா வாய்க்காலில் இறங்கிவிட்டாள். முழங்கால்வரை சேறு.

மொரிவாக்கி மாமா அட்டையை வாங்கி, கட்டங்களை விரல் வைத்து எண்ணினார். கோணல் கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"தப்பு என்னோடதும்மா. உனக்குக் கட்டம் போடவே மறந்துட்டேன்."

"பரவாயில்ல மாமா. அந்தக் கூடையை இப்படித் தள்ளுங்க" என்றாள் அக்கா.

அடுத்த மாத அட்டையில் எட்டுக் கட்டங்கள் இருந்தன. எல்லாம் அடிக்கோல் வைத்துப் போட்டவை. எட்டாவது மட்டும் இரண்டு மடங்கு பெரியது.

கிழங்கு முத்திரைக்கு இடம் வேண்டுமே!