ஓடாத வண்டியின் சூடு

கொச்சியிலிருந்து வந்த லாரி காயல்பட்டினத்துச் சந்துக்குள் நுழைய முடியாமல் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. நான்கு பேர் சேர்ந்து அந்தச் சிவப்பு இத்தாலி பைக்கை இறக்கி, புது மாப்பிள்ளையை அழைத்து வருவதுபோல மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஃபைசலும் அந்த ஊர் வழக்கப்படி, அப்படித்தான் ஒருநாள் ஆஃபியாவின் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தவன். சவூதியில், தமாமில் ஒரு ரிஃபைனரியில் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை லீவு. ரேஸ் ட்ராக்குக்கென்றே செய்யப்பட்ட இரட்டை சிலிண்டர் வண்டி ஒன்றை வாங்குவது கல்லூரிக் காலத்திலிருந்தே அவன் ஆசை. வீட்டின் பின்கட்டில், ஆஃபியாவின் பெரிய வாப்பா காலத்தில், இடுப்பில் கயிறு கட்டிக் கடலில் மூழ்கியவர்கள் எடுத்த சங்கை அடுக்கி வைத்திருந்த அறையை வெள்ளையடித்து அதற்கு ஒதுக்கினார்கள். ஜன்னல் இல்லாத அறை. கனத்த சுவர், ஒரே கதவு.

"பொண்டாட்டி உக்கார எடமில்லாத வண்டிக்கு இவ்வளவு கொஞ்சலா?" என்றாள் ஆஃபியாவின் உம்மா ருகையா. உண்மைதான். வண்டியில் ஒற்றை சீட்தான். பின்னால் ஆள் உட்கார இடமே கிடையாது.

அந்த லீவில் அவன் அதைக் கோயம்புத்தூர் ட்ராக்குக்குக் கொண்டுபோய், வளைவுகளில் முழங்கால் கவசம் தரையில் உரசித் தேயத் தேய ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தான். தமாமுக்குக் கிளம்பும் முன் ஆஃபியாவுக்குச் சாவியைக் கொடுத்து, பின்சக்கரம் தரையில் படாமல் தூக்கிப் பிடிக்கும் இரும்பு ஸ்டாண்டில் வண்டியை ஏற்றிவைத்தான். வெள்ளிக்கிழமைதோறும் கொஞ்ச நேரம் ஸ்டார்ட் பண்ண வேண்டும், மீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்று பாடம் சொல்லிக்கொடுத்தான். ஆஃபியாவுக்கும் அது பிடித்துப் போனது. அந்த எஞ்சின் சத்தம், இரண்டு பேர் மாறி மாறி உலக்கை போடுவதுபோல இருக்கும். அவன் வீட்டில் இருப்பதுபோல இருக்கும்.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கியபோது ஒருநாள் அவன் போனில் கேட்டான்.

"ஆஃபியா, மீட்டர் எப்படிக் கூடிச்சு?"

"கூடிச்சா? வண்டி ஸ்டாண்ட விட்டு எறங்கவே இல்லையே."

"போன வாரத்துக்கும் இதுக்கும் நாப்பது கிலோமீட்டர் கூடியிருக்கு. உன் தம்பி இஹ்ஸான் எடுக்கானா?"

"அவன் கடைய விட்டு நகர்றதே இல்ல. சாவி என் பீரோல இருக்கு."

"வேற யாருக்காவது குடுத்தியா?" என்றான்.

அந்த 'வேற யாருக்காவது' அவளைச் சுருக்கென்று தைத்தது. போனை வைத்தாள். தம்பி இஹ்ஸானைக் கூப்பிட்டு வேறு பூட்டு வாங்கி மாட்டினாள். அதற்கடுத்த வாரமும் மீட்டர் கூடியிருந்தது. அவன் குரல் இன்னும் வறண்டுபோனது. அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சோறு வடிக்கும்போதும் காது பின்கட்டிலேயே இருந்தது.

ஒருநாள் மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு எழுந்தாள். உம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். உச்சி வெயிலில் சந்து முழுவதும் ஆளரவமின்றி வெறிச்சோடிக் கிடந்தது. பின்கட்டுக்குப் போய் அறைக்கதவைத் தொட்டாள். மரம் கதகதவென்றிருந்தது. பூட்டைத் திறந்தாள்.

உள்ளே சூடான ரப்பர் வாசனை. அதற்கு அடியில் ஈரமான கடல் வாசனை.

இருட்டில் 'டிக்... டிக்...' என்று ஒரு சத்தம். ஓடி வந்து நின்ற எஞ்சின் ஆறும்போது கேட்கிற சத்தம். புகைக்குழாயில் விரலை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். விரல் நுனி கொப்பளித்துவிட்டது.

ஃபைசலுக்குப் போன் போட்டாள். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிற நேரம். ஆனால் முதல் மணியிலேயே எடுத்தான். மூச்சு வாங்கினான்.

"தூங்கலையா மச்சான்?"

"இப்பதான் முழிச்சேன். கனவு. தினமும் அதே கனவு, ஆஃபியா. வண்டில போறேன். ஆறுமுகநேரி உப்பளத்து ரோடு. ரெண்டு பக்கமும் உப்புக் குவியல், கண்ணு கூசுது. முன்னால ஒருத்தன் நடந்து போறான். சட்டை கெடையாது. உடம்பெல்லாம் தண்ணி சொட்டுது. இடுப்புல கட்டுன கயிறு ரோட்டுல இழுபடுது. எவ்வளவு முறுக்கினாலும் அவன எட்ட முடியல. ஆனா தினமும் கொஞ்சம் கிட்ட வாரேன்."

ஆஃபியா தன் விரலைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் குரலில் இருந்த சந்தேகம் அந்த நிமிஷமே போய்விட்டது. அதனிடத்தில் வந்தது அதைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் உச்சிப் பொழுதில், சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு அவள் அந்த அறைக்குள்ளேயே நின்றாள். கதவை ஒரு கை அகலம் திறந்து வைத்திருந்தாள். வெகுநேரம் ஒன்றும் இல்லை. சுவரில் பல்லி ஒன்று கத்திவிட்டு அடங்கியது.

பிறகு சீட் அமிழ்ந்தது.

யாரோ காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்ததுபோல, நடுவில் மெதுவாகக் குழி விழுந்தது. பின்சக்கரம் அசைந்தது. எஞ்சின் ஓடவில்லை. சாவி அவள் கையில் இருக்கிறது. சக்கரம் மட்டும் சத்தமில்லாமல் சுழன்றது. வேகம் கூடியது. மூடிய அறைக்குள் உப்புக்காற்று வீசி அவள் முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளியது. மீட்டரில் எண்கள் ஏறின.

அந்த உட்காரும் விதத்தை, இடது பக்கம் லேசாகச் சாயும் அந்தப் பழக்கத்தை, அவளுக்குத் தெரியும்.

"மச்சான்?" என்றாள் கிசுகிசுப்பாக.

சக்கரம் நின்றது.

போன் அலறியது. ஃபைசல்.

"உன் சத்தம் கேட்டிச்சு ஆஃபியா. நடு ரோட்டுல பிரேக் போட்டேன்." அவன் அழுதுகொண்டிருந்தான். "நின்னதும் அவன் திரும்பி எங்கிட்ட வந்தான். 'எறங்கு, இனி நான் ஓட்டுதேன்'னான்."

"நீங்க?"

"எறங்கிட்டேன்."

அன்றோடு அவனுக்குக் கனவு நின்றுபோனது. வாரக்கணக்கில் கிடைக்காத தூக்கத்தையெல்லாம் சேர்த்துத் தூங்கினான். முகம் தெளிந்து, அந்தக் கோடையில் லீவுக்கு வந்தான். வந்த அன்றே, ஆஃபியா எவ்வளவு தடுத்தும் கேளாமல், சாயங்காலம் வண்டியை எடுத்தான். உலக்கைச் சத்தம் தெருமுனையைத் தாண்டி, ரோட்டைப் பிடித்து, உப்பளத்துப் பக்கம் நீண்டு உயர்ந்து தேய்ந்ததை அவள் வாசல்படியில் நின்று கேட்டாள். மறுபடி அது கேட்கும்வரை அவள் துஆ ஓதுவதை நிறுத்தவில்லை.

திரும்பி வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றிச் சிரித்தான். "தொடை வெந்து போச்சு. மணிக்கட்டு கழண்டு போச்சு. ஆனா என்ன வண்டி, புள்ள! ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. எல்லாம் மனப்பிராந்தி."

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது பின்கட்டில் காற்றுச் சத்தம் கேட்டது.

இருவரும் போனார்கள். அவன்தான் பூட்டைத் திறந்தான்.

ஸ்டாண்டின் மேல் பின்சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது.

சீட்டில் குழி. இடது பக்கம் லேசான சாய்வு. ஃபைசல் முழுதாக விழித்துக்கொண்டு அவள் பக்கத்தில் நிற்கிறான். அவன் கை அவள் கைக்குள் இருக்கிறது.

"வாங்க மச்சான், போயிருவோம்" என்றாள் அவனிடம்.

சக்கரம் நின்றது.

சீட் மெல்ல மேலே எழும்பிச் சமமானது. வண்டிக்கு இந்தப் பக்கம், சிமெண்டுத் தரையில், ஈரமான ஒரு காலடி விழுந்தது.

இருவரும் ஓடி வந்து நடுக்கட்டுக் கதவைச் சாத்தினார்கள். அன்று சாயங்காலம்தான் ஃபைசல் அதைச் சொன்னான். "கனவுல அவன் திரும்பினப்ப மூஞ்ச பாத்தேன். உங்கிட்ட சொல்லல. கண்ணாடி பாத்த மாதிரி இருந்திச்சு."

அந்த வாரமே கோயம்புத்தூர்காரர் ஒருவர் வந்து, விலை பேசி, வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். அவருக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை. போன் பண்ணும்போதெல்லாம் வண்டி அருமை என்கிறார். ஆஃபியாவும் ஃபைசலும் தூத்துக்குடியில் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஃபிளாட்டில் குடியேறினார்கள். அவன் தமாம் வேலையை விட்டுவிட்டு ஒரு சரக்கு ஏஜென்சியில் சேர்ந்துகொண்டான். புது வீடு, புதுச் சுவர். அறைக்கு அறை ஜன்னல். ஆஃபியா பழையபடி சிரிக்கத் தொடங்கினாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஃபைசல் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து, வாய் நிறையச் சோற்றோடு குனிந்திருந்தான். குழம்பில் உப்புப் போட்டோமா என்று அவளுக்குச் சந்தேகம்.

"மச்சான், உப்பு சரியா இருக்கா?" என்றாள்.

அவன் மென்றுகொண்டே தலையை ஆட்டினான்.

"கூடிப் போச்சு, ஆஃபியா" என்றது அவன் குரல், சாத்தியிருந்த படுக்கையறைக்குள்ளிருந்து.