எடை குறைந்த மாத்திரை

திங்கட்கிழமை காலை 7.10. ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி சமையலறைத் தரையில் உட்கார்ந்து, உடைந்துபோன ஒரு டீ கப்புக்காகத் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.

அப்போதுதான் வந்து இறங்கிய நாத்தனார் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. எடை அளவுத் துறையில் ஆய்வாளர் அவள். பதினெட்டு வருடமாகக் கடை கடையாக ஏறி, படிக்கல்லைக் கையில் தூக்கிப் பார்த்தே கள்ளத்தனத்தைச் சொல்லிவிடுகிறவள். வீட்டில் பட்டப்பெயர் தராசு.

"எவ்வளவு நாளா இப்படி?"

"ரெண்டு வாரமா, அண்ணி. தலைக்குள்ள சுரீர் சுரீர்னு கரண்ட் அடிக்கற மாதிரி இருக்கு. தூக்கமே இல்ல. முன்னாடி வந்ததே, அதுதான் திரும்ப வருதோன்னு பயமா இருக்கு."

 மூன்று வருடத்துக்கு முன் இதே பெண் தலைவாரக்கூட மனமில்லாமல் நான்கு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். மனச்சோர்வு மாத்திரைதான் அவளை எழுப்பி உட்கார வைத்தது. கர்ப்பம் என்று தெரிந்ததும் டாக்டர் எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்து, அதையே தொடரச் சொல்லியிருந்தார்.

"மாத்திரைய விட்டுட்டியா?"

"ஒரு நாள்கூட விடல. கண்ணத் தொறந்ததும் தொறக்காததுமா வாயில போட்டுருவேன். இன்னிக்குத்தான் இன்னும் போடல. இப்பல்லாம் நாக்குல பட்டாலே கசக்குது. முன்னாடி கசக்காது."

தராசு காதைத் தீட்டிக்கொண்டாள்.

7.40. ஹால் மேசையில் ஏழு அறை மாத்திரை டப்பா, ஒரு நாளுக்கு ஓர் அறை. ஞாயிறு காலி. மீதி ஆறு அறையிலும் தலா ஒரு வெள்ளை மாத்திரை. சோறில்லாமல் வெளியே போனாலும் போவாள், மில்லிகிராம் வரை காட்டும் கைத்தராசு இல்லாமல் போகமாட்டாள். அட்டையில் மிச்சமிருந்த ஒரு மாத்திரையைப் பிரித்து நிறுத்தாள். இருநூறு மில்லிகிராம். டப்பாவில் இருந்ததை நிறுத்தாள். நூற்று முப்பது. அடுத்ததும் நூற்று முப்பது. ஆறும் அப்படியே.

8.05. அடுத்து தராசின் அம்மா, கர்ப்பிணியின் மாமியார்.

"டப்பாவ நிரப்பறது யாரும்மா?"

"நான்தான். சனிக்கிழமை மத்தியானம்."

"உனக்குத்தான் இந்த மாத்திரையே ஆகாதே?"

"ஆகாதுதான். தெருவுக்கே கேக்கற மாதிரி சொன்னேன். அதுக்காக மருமக மருந்துல கை வைப்பேனா? என்னையே சந்தேகப்படறியேடி!"

கோபத்தில் டீயை எடுத்தாள். கை நடுங்கி, பாதி டீ சாஸரில் கொட்டியது. அந்த நடுக்கம் இரண்டு வருடமாக இருக்கிறது.

"நிரப்பினதுக்கு அப்புறம் டப்பா எங்க இருந்துச்சு?"

"இங்கதான். எல்லாருக்கும் கைக்கு எட்டற இடம்."

8.30. பின்கட்டுப் பட்டறை. கர்ப்பிணியின் கணவனான தச்சன் தம்பி, வரப்போகும் குழந்தைக்குத் தொட்டில் செய்துகொண்டிருந்தான். உடம்பெல்லாம் மரத்தூள், கையில் மரம் தேய்க்கிற உப்புத்தாள். தராசு சட்டத்தின் மேல் கட்டைவிரலை ஓட்டினாள்.

"ஓரமெல்லாம் வழவழன்னு இருக்கே."

"கூரா விட்டா கிழிச்சிரும்க்கா. எந்த வேலைன்னாலும் கடைசியா ஓரத்த மழுக்காம எனக்குக் கை நிக்காது."

"அவ மாத்திரை விஷயம் ஏதாவது தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்?" அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

9.00. எல்லோரையும் மேசையைச் சுற்றி உட்கார வைத்தாள்.

"மருந்துக்கடைக்காரர் மேல தப்பில்ல. அட்டையில இருக்கறது முழு எடை. டப்பாவுக்கு வந்தப்புறம்தான் யாரோ தேய்ச்சிருக்காங்க. மேல்பூச்சு போனதாலதான் கசக்குது. ஆறையும் ஒரே அளவா தேய்க்க அம்மா கையால ஆகாது. சரி, எடையத் திருடினவன் அதோட விட்டானா? தேய்ச்ச ஆறுக்கும் ஓரத்த மழுக்கி வச்சிருக்கான். அவ தொண்டையில உரசக் கூடாதாம். இப்படி ஒரு திருடன நான் பாத்ததே இல்ல. ஏண்டா தம்பி?"

தம்பி கையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் துடைத்துக்கொண்டான்.

"எங்கயோ படிச்சேன்க்கா. இதச் சாப்பிட்டா குழந்தை லேட்டா நடக்கும், லேட்டா பேசும்னு போட்டிருந்துச்சு. திடீர்னு நிறுத்தக் கூடாதுன்னும் போட்டிருந்துச்சு. அதான் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா..."

மனைவி அவனையே பார்த்தாள். அழுகை நின்று கோபம் வந்திருந்தது. அதைப் பார்த்துத் தராசுக்குப் பாதி நிம்மதி.

"என் தலைக்குள்ள என்னவோ ஆகுதுன்னு ரெண்டு வாரமா நடுங்கினேன். பக்கத்துலதான படுத்திருந்தீங்க? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

 அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

11.20. டாக்டர் அவனுக்கு நேராக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"அம்மா படுத்துட்டா அதுவும் குழந்தையத்தான் பாதிக்கும். ரெண்டையும் சீர்தூக்கிப் பாத்துத்தான் இந்த அளவ எழுதினேன். இனிமே முழு மாத்திரை. பிறந்ததும் சில நாள் கூட வச்சுக் கவனிப்போம், வளர்ச்சியையும் விடாம பாப்போம். சந்தேகம் வந்தா என்கிட்ட வாங்க. உப்புத்தாள்கிட்ட போகாதீங்க."

தராசு அடுத்து வந்தபோது பையனுக்கு எட்டு மாதம். முந்தின நாள்தான் டாக்டர் பார்த்து, உட்காருகிறான், தவழுகிறான், ஆளைக் கண்டால் சிரிக்கிறான் என்று வரிசையாகக் குறித்து அனுப்பியிருந்தார். முதல் பல் முளைக்கிற ஊறலில் தொட்டில் சட்டத்தைப் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தான்.

"வாயைக் கிழிச்சிரப் போகுதும்மா," என்றாள் தராசு.

"கிழிக்காது அண்ணி," என்று சிரித்தாள் மருமகள். "உங்க திருடன்தான் ஓரத்த மழுக்கி வச்சிருக்காரே."