அதே படியில் நால்வர்

"முடிஞ்சது, இறங்குங்க" என்று அவள் சொல்லியும் ஒருத்தரும் படியைவிட்டு இறங்கவில்லை.

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் என்று பேர்தான் பெரிசு. நாலு பேரை ஒரு இடத்தில் நிற்கவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சங்கத்தின் செய்தி மலருக்கு வருஷா வருஷம் 'அன்றும் இன்றும்' படம் எடுப்பது வழக்கம். பழைய படத்தில் யார் எங்கே நின்றார்களோ அங்கே உறுப்பினர்கள் நிற்க வேண்டும். பழைய போட்டோக்காரர் நின்ற அதே இடத்தில் நின்று அவள் எடுப்பாள். ஒரு அங்குலம் தப்பினாலும் விடமாட்டாள்.

இந்த வருஷம், பூட்டிக்கிடக்கும் மில் மேலாளர் வீட்டு வாசற்படி. பழைய படத்தில் மேலாளர், மனைவி, மகள், ஓரத்தில் கோடாலியோடு விறகு வெட்டுகிறவன். படம் எடுத்த கையோடு அவன் மூன்று பேரையும் வெட்டிப்போட்ட கதை ஊருக்கே தெரியும். அவன் இடத்தில் நிற்க யார் வருவார்கள்? "சும்மா நில்லுங்க, படம்தானே" என்று தையற்காரரான தன் புருஷனை, கையில் ஒரு பழைய கோடாலியையும் கொடுத்து அவள்தான் தள்ளிவிட்டாள். சங்கத் தலைவர் மேலாளரானார், நூலகர் அம்மா மனைவியானார். மகளுக்கு ஆள் இல்லை. வரவே மாட்டேன் என்ற தங்கையை வம்படியாக இழுத்துவந்து நிறுத்தினாள்.

"குட்டி, போதும், வா."

தங்கையின் உதட்டில் படத்துக்கான சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் அக்காவைத் தேடியது. பட்டப்பகல். தோட்டத்தில் இத்தனை நேரம் கத்திக்கொண்டிருந்த காக்கைகள் ஒட்டுமொத்தமாக அடங்கிவிட்டன. வீட்டுக் கதவிடுக்கிலிருந்து ஈரச்சாக்கு நாற்றம் வந்தது. அதற்குள்ளே, இப்போதுதான் பிளந்த பச்சை மரத்தின் வாசனை.

புருஷன் உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டான். கறிக்கடைப் பக்கம் போகவே தயங்குகிற மனுஷன் கோடாலியை இரண்டு கையாலும் பிடித்து எடை பார்த்தான்.

"என்னங்க, விளையாடாதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

அவன் தலைவரின் கழுத்தில் வெட்டினான்.

மழுங்கல் கோடாலி. ஒரே வெட்டில் முடியவில்லை. எலும்பில் சிக்கியதை அவர் இடுப்பில் காலை ஊன்றிப் பிடுங்கி மறுபடி போட்டான். கூட்டத்தில் யாரையும் பேசவிடாத அந்த மனுஷர் ஒரு சத்தமும் போடாமல், நெஞ்சை நிமிர்த்தியபடியே சரிந்தார். நூலகர் அம்மாவின் கன்னத்தில் ரத்தம் தெறித்தது. அவர் துடைக்கக்கூட இல்லை. அடுத்த வெட்டு அவர் நெற்றியில் இறங்கியது.

தங்கையைப் பிடித்து இழுக்க வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்குத் தோன்றியது.

கால் எழவில்லை.

கத்தப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. பழைய போட்டோக்காரர் நின்ற மண்ணில், அவர் நின்ற மாதிரியே குனிந்து, கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். விரல் மட்டும் தானாக அசைந்தது.

க்ளிக்.

"அக்கா," என்றாள் தங்கை, சிரிப்புக் கலையாமல், பல்லிடுக்கில். "என்னை இறக்கிவிடு அக்கா."

அவன் ஒரு படி நகர்ந்தான். ரத்தத்தில் செருப்பு வழுக்கியது. சமாளித்து நின்றான். கோடாலி மேலே போனது.

அங்கேயே நின்றது.

முகமெல்லாம் சொட்டச் சொட்ட அவன் கேமராவைத் திரும்பிப் பார்த்தான். அவள் எடுக்கட்டும் என்று காத்திருந்தான்.

அவள் விரல் பொத்தானை அழுத்தத் தொடங்கியது.