உப்பு தீர்ந்த பிறகு

உப்பு காலையிலேயே தீர்ந்துவிட்டது. நாளை அண்ணன் வந்து மூவார் ஊரிலுள்ள தன் வீட்டுக்கு அழைத்துப்போகப் போகிறான் என்பதால் கமலவேணி புதிதாக வாங்கவில்லை; ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். ஆனால் பொழுது சாய்ந்து அவள் விளக்கின் சுவிட்சைப் போட்டதும், மேசைமேல் இருந்த ஹார்லிக்ஸ் புட்டிக்குள் ஓர் எண்ணெய்க் குமிழ் மெதுவாகக் கீழே இறங்கியது.

உப்புப் போடாமல் அது இறங்காது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

அந்த விளக்கைச் செய்தவன் அவள் கணவன் ஏகாம்பரம். மெர்டேக்கா சுதந்திர தினத்துக்காக மலாக்கா டவுன் முழுக்க வண்ண பல்புகள் கட்டிய ஆட்களில் அவனும் ஒருவன். அந்த நாட்களில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால், உள்ளே நிறம் நீந்துகிற விளக்கைப் பார்த்து அவள் நகராமல் நின்றாள். விலையைக் கேட்டதும் இரண்டு பேருமே நகர்ந்துவிட்டார்கள். மறு வாரம் அவன் ஒரு சிவப்பு பல்பை ஓட்டை போட்ட மைலோ டின்னுக்குள் பொருத்தி, மேலே புட்டியை வைத்து, கேசரிப் பவுடர் கரைத்த தண்ணீரும் அதன்மேல் கடலை எண்ணெயும் ஊற்றினான். அவளை நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் நின்று, அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கல்லுப்பை ஒவ்வொன்றாகப் போடுவான். உப்பு எண்ணெயைக் கீழே இழுத்துக்கொண்டு போகும்; கரைந்ததும் எண்ணெய் தப்பித்து மேலே வரும். பிள்ளை இல்லாத வீட்டில் ஏதாவது ஒன்று ஓடியாடட்டுமே என்பான்.

கொண்டாட்டம் முடிந்து, பாலத்தில் கட்டிய பல்புகளை அவிழ்க்கும்போது ஆற்றில் விழுந்தான். மறுநாள் கடல்தான் அவனைத் திருப்பிக் கொடுத்தது. பாடையைத் தூக்கியபோது வாசலில் நின்ற கமலவேணி, தினமும் காலையில் அவன் சைக்கிளை எடுக்கும்போது சொல்வதையே சொல்லிவிட்டாள். "போயிட்டு வாங்க." பக்கத்து வீட்டு அஞ்சலை பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள்.

கருமாதிக்கு வந்தவர்கள் எல்லாரும் 'வரேன்' என்ற சொல்லைச் சொல்லாமலே கிளம்பிப் போனார்கள். சாவு வீட்டில் அப்படித்தான் போக வேண்டும். தெரிந்தும், இனி இந்த வீட்டுக்கு யாருமே வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. இன்று மத்தியானம் அஞ்சலை வந்தபோது அதைச் சொல்லத்தான் நினைத்தாள். அஞ்சலை விடவில்லை.

"வரச் சொன்னது நீதான கமலா, போகவும் நீதான் சொல்லணும். இருட்டறதுக்குள்ள 'போங்க'ன்னு ஒத்த வார்த்தை சொல்லிடு. 'வா'ங்கறது வாயிலயே வரக்கூடாது."

"அவரப் போகச் சொல்ல எனக்கு வாய் வருமாக்கா?"

"ஆத்துல போனதுதான்டி ஏகாம்பரம். வர்றது என்னமோ, யாரு கண்டா?"

கமலவேணி சொல்லவில்லை. வாசல்வரை போனாள், நின்றாள், திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இப்போது பள்ளிவாசல் பாங்கு ஓய்ந்து, தகரக் கூரையில் மழை தூறத் தொடங்கியிருந்தது. அடுப்படிப் பக்கமிருந்து சேறும் பாசியும் அழுகிய மீனும் கலந்த வாடை, ஆற்று முகத்துவாரத்தில் தண்ணீர் வற்றும் நேரத்து வாடை, ஈரமாக உள்ளே வந்தது. புட்டிக்குள் இன்னொரு குமிழ் இறங்கியது. அதன் பின்னால் இன்னொன்று. இறங்கியவை மேலே வரவில்லை. அடியில், பல்புக்கு நேர் மேலே, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. சுவரில் அசைந்துகொண்டிருந்த சிவப்பு நிழல் மெல்ல மெல்ல நின்றது.

அவள் விரலைப் புட்டிக்குள் விட்டு நாக்கில் வைத்தாள். கடல் தண்ணீர்.

பின்கட்டில் சிரட்டை தொட்டியில் முங்கும் சத்தம் கேட்டது. பிறகு காலில் தண்ணீர் விழும் சத்தம். வேலை முடிந்து வந்தால் கால் கழுவாமல் ஏகாம்பரம் உள்ளே வரமாட்டான். மறுபடியும் சிரட்டை. மறுபடியும் தண்ணீர். மறுபடியும். எவ்வளவு ஊற்றியும் அந்தக் கால் சுத்தமாகவில்லை. தொட்டியில் அவ்வளவு தண்ணீரும் இல்லை.

சொல்லிவிட வேண்டும். இப்போதே. ஒரே ஒரு வார்த்தை.

"வேணி."

அவன் குரல்தான். அவளை அப்படிக் கூப்பிட இந்த உலகத்தில் வேறு ஆள் கிடையாது. கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது.

"போ..."

மீதியைச் சொல்ல முயன்றாள். நாக்கு, தினமும் பொழுது சாயும் வேளையில் பழகிய வழியிலேயே போயிற்று.

"...போயிட்டு வந்துட்டீங்களா?"

தண்ணீர் நின்றது.

சிமெண்டுத் தரையில் ஈரக் கால். அடுப்படி. நிலைப்படி. நாற்காலிக்குப் பின்னால்.

அவள் திரும்பவில்லை. பயந்தாள். பயத்துக்கு நடுவிலும், வந்துவிட்டாரே என்று இருந்தது.

தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. ஊறி வெளுத்த கை. நகங்கள் இல்லை. விரல்கள் விரிந்தன. ஒரு உப்புக்கல் புட்டிக்குள் விழுந்தது. மிச்சமிருந்த எண்ணெய் இறங்கியது.

மற்றொரு கை அவள் தோளில் வந்து உட்கார்ந்தது. குளிர்ந்து, கனமாக. கீழே அழுத்தியது.