அஞ்சு நிமிஷத்துல வரேன்

திங்கட்கிழமை பகல் இரண்டு மணிக்கு, மழையில் நனைந்தபடி மயிலாப்பூர் முதியோர் இல்லத்தின் படியேறினாள் பிரிஸில்லா. நர்சிங் இரண்டாமாண்டு மாணவி. ஒரு மாதப் பயிற்சியில் இன்னும் பத்து நாள் பாக்கி.

சனிக்கிழமை அவள் கிளம்பும்போது சைதாப்பேட்டைச் செண்பகம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எழுபத்தெட்டு வயது, மறதி நோய் முற்றியிருந்தது.

"பயமா கீதும்மா. கொஞ்ச நேரம் கூட உக்காரு."

"அஞ்சு நிமிஷத்துல வரேன்" என்று கையை விடுவித்துக்கொண்டாள் பிரிஸில்லா. வெளியே வந்ததும் தோழி மெஹக்கிடம் சிரித்தாள். "அதுக்குள்ள மறந்துடும்டி. இதுங்களுக்கு நாம வந்தா என்ன, வராட்டி என்ன?"

அன்று மாலையே செண்பகம் இறந்துபோனாள். வாசலைப் பார்த்து உட்கார்ந்தபடியே போய்விட்டதாக, இல்லத்தின் தலைமை நர்ஸ் ஃப்ளோரன்ஸ் சிஸ்டர் போனில் சொன்னார். ஞாயிறு முழுக்க பிரிஸில்லாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"செண்பகத்தோட கட்டிலை ரெடி பண்ணும்மா. புது பேஷன்ட் வராங்க," என்றார் சிஸ்டர் இப்போது.

அறையில் டெட்டால் வாடை. அதற்கடியில், எண்ணெய் ஏறிய பழைய தலையணையின் வாடை. விரிப்பை உதறிப் போட்டபோது கரண்ட் போனது. மின்விசிறி மெல்ல மெல்லச் சுழன்று நின்றது. மழைச் சத்தம்கூட எங்கோ தொலைவுக்குப் போனதுபோல் இருந்தது.

கட்டில் கிறீச்சிட்டது.

அவள் அதைத் தொடவேயில்லை.

"அஞ்சு நிமிசம் ஆயிடுச்சாம்மா?"

காதருகே, மிக மெல்லிய குரல். அதில் கோபமே இல்லை. அதுதான் அவளை உடைத்தது. ஓட நினைத்தவள் ஓடவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"வந்துட்டேம்மா," என்றாள். "மன்னிச்சுடுங்க."

சில்லிட்ட கை ஒன்று அவள் விரல்களுக்குள் நுழைந்தது. எவ்வளவு நேரம் அழுதாளோ, அவளுக்கே தெரியாது.

கரண்ட் வந்தது. சிஸ்டர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். புதிதாக வந்த பவுனம்மாவுக்கும் மறதி நோய்தான். கட்டிலைப் பார்த்ததும் தலையை ஆட்டினாள்.

"இதுல வாணாம். ஆளு கீது."

"குழப்பத்துல சொல்றாங்க. படுக்க வை," என்றார் சிஸ்டர்.

போன வாரமானால் பிரிஸில்லாவும் அதையே சொல்லியிருப்பாள். இன்று பக்கத்துக் கட்டிலைச் சரிசெய்தாள்.

படுத்த பிறகும் பவுனம்மாவின் கண் செண்பகத்தின் கட்டிலிலேயே இருந்தது. "அதுக்குக் குளுருது பாரும்மா. போத்திவுடு."

பிரிஸில்லா போர்வையை எடுத்துப்போய் விரித்தாள்.

வெறும் கட்டிலில் அது தட்டையாகப் படியவில்லை.