மொட்டைமாடிக்கு மேலே ஒரு வீடு

வீட்டுக்காரர் தொன் தெயோஃபிலோவின் மொட்டைமாடி நாய் அன்று மதியம் தெருவைப் பார்த்துக் குரைக்கவில்லை. தலையை அண்ணாந்து, வானத்தைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது. கோமாஸ் வட்டாரத்தில் வீட்டுக்கொரு நாய் மாடியிலேயே கிடக்கும். தெருவில் போகிறவர் வருகிறவரையெல்லாம் ஏசித் தீர்ப்பதுதான் அதன் பிழைப்பு. ஹெர்லிந்தா படியேறி வந்தபோது அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாலைக் கால்களுக்கிடையில் செருகிக்கொண்டு, வெறும் சாம்பல் வானத்தைப் பார்த்து ஒரு தடவை ஊளையிட்டுவிட்டு, அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு கீழே ஓடியது.

ஹெர்லிந்தா விற்பது காற்று. பெருவின் தலைநகர் லிமாவின் வடகோடியில், இந்தக் கோமாஸில், மண் எப்போதோ தீர்ந்துவிட்டது. கீழ்த்தளம் கட்டியவன் தன் கூரைக்கு மேலிருக்கும் வெற்றிடத்தை இன்னொருவனுக்கு எழுதிக் கொடுப்பான்; வாங்கியவன் அதில் தன் வீட்டை எழுப்பிக்கொள்வான். இருபது வருடமாக இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நின்று பேசி முடிப்பதுதான் அவள் தொழில். அவளுக்கென்று ஒரு சித்தாந்தமும் உண்டு.

"வாடகை வீட்ல ஆம்பள ஆம்பளையா இருக்க மாட்டான். வீட்டுக்காரன் கதவத் தட்டுறப்பல்லாம் குனிஞ்சு நிப்பான். அந்தக் கோவத்த யார்மேல காட்டுவான்? பொண்டாட்டி மேலதான். சொந்தமா ஒரு கூரை வரட்டும், பசு மாதிரி ஆயிடுவான்."

நூறு பெண்களிடமாவது இதைச் சொல்லியிருப்பாள். நம்பித்தான் சொன்னாள். அவளே ஏழு வாடகை அறைகள் மாறியவள். எதிர்க் குன்றில் நீலக் கதவு வைத்த ஒற்றை அறை ஒன்று அவளுக்காக வெள்ளிக்கிழமை வரை காத்திருந்தது. இன்றைய பேரம் முடிந்தால் அது அவளுடையது. முடியாவிட்டால் வேறொருத்தி வாங்கிவிடுவாள்.

போன ஞாயிறு இந்த மாடியைப் பார்க்க வந்தவர்கள் ருஃபினோவும் டெல்மீராவும். அவன் சிற்றுந்து ஓட்டுபவன், வாய் ஓயாமல் கேலி பேசுபவன். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இடது கால் இழுத்து இழுத்துத்தான் வரும். அவன் முன்னால் இறங்கிப்போனதும் டெல்மீரா படியில் நின்று ரகசியமாகக் கேட்டாள். "அக்கா, சொந்த வீடு வந்துட்டா கை நீட்ட மாட்டார்ல?" கழுத்துத் துணி விலகிய இடத்தில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது ஒரு பழைய காயம்.

"சத்தியமா மாட்டான்மா," என்றாள் ஹெர்லிந்தா.

இன்று நாலு மணிக்கு அவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வருகிறார்கள். அதற்குள் மாடியைக் கூட்டி வைக்கலாம் என்று சீக்கிரமே வந்திருந்தாள். தூண்களிலிருந்து அடுத்த தளத்துக்காக நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளின் முனையில் துருப்பிடிக்காமலிருக்கக் கவிழ்த்து வைத்த பாட்டில்கள் ஈரக்காற்றில் மெல்ல ஊதிக்கொண்டிருந்தன. பக்கத்து மாடியில் காயாத துணிகளின் சோப்பு வாசனை, தூரத்தில் கோழி வறுக்கும் புகை, கீழே காய்கறி வண்டிக்காரனின் ஒலிபெருக்கி, எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. துடைப்பத்தை எடுத்துக் குனிந்தபோது தலைக்கு மேலே யாரோ நடந்தார்கள்.

நிமிர்ந்து பார்த்தாள். வானம்.

குனிந்தாள். மறுபடியும் அதே சத்தம். தளத்துக்கு மேலே தளம் இருந்தால் எப்படிக் கேட்குமோ அப்படி, மங்கலாக, அழுத்தமாக. நாற்காலி இழுபடும் கிறீச், அடுப்பில் பாத்திரம் வைக்கும் ஓசை, பிறகு வெங்காயமும் சீரகமும் எண்ணெயில் பொரியும் வாசனை, அக்கம்பக்கத்திலிருந்து இல்லாமல், மேலிருந்து நேராக இறங்கி வந்தது. நடை தொடர்ந்தது. டக். சர்ர்ர். டக். சர்ர்ர். ஒரு கால் ஊன்ற, ஒரு கால் இழுபட.

துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கீழே ஓடினாள்.

தொன் தெயோஃபிலோ சமையலறையில் உட்கார்ந்து, வீட்டைக் காலி செய்கிறவர்போலக் கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தார். நாய் அவர் காலடியில் சுருண்டு கிடந்தது.

"கேட்டுடுச்சா?" என்றார், நிமிராமல்.

"மேல யாரு தொன் தெயோ?"

"மேல என்னம்மா இருக்கு, வானந்தான். அந்த ரெண்டு பேரும் வந்து கால் அளவு வச்சுட்டுப் போனாங்கல்ல, அன்னைக்கு ராத்திரிலேருந்து இந்தக் கூத்து. நாப்பது வருசம் கொத்தனாரா இருந்தவன் நான், கட்டுன வீட்ல பேய் இருக்குன்னு கேள்விப்பட்டிருக்கேன். இது இன்னும் கட்டாத வீடு."

"அப்போ ஏன் விக்கிறீங்க?"

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். "நீ ஏன் விக்கிற?"

அவளுக்கு எரிச்சல் பொங்கியது. பயத்தைவிட எரிச்சல் நல்லது என்று நினைத்து அதையே பிடித்துக்கொண்டு மறுபடியும் மாடிக்கு ஏறினாள்.

மேலே பேச்சுக் குரல். ஆணின் குரல், ருஃபினோவுடையது; ஆனால் அதில் கேலியே இல்லை.

"எங்கடி போன? எவங்கிட்டப் பேசுன?"

பாத்திரம் உருண்டது. இடுப்பு வாரின் வீச்சு காற்றைக் கிழித்தது. சர்ர்ர், சர்ர்ர் என்று இழுபடும் கால் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஓடியது. ஹெர்லிந்தாவின் தலைக்கு மேலே, கம்பிகளுக்கு மேலே, ஒன்றுமே இல்லாத இடத்தில். பிறகு தலை சுவரில் மோதும் சத்தம். இன்னொரு தடவை. மூன்றாவது தடவை மோதியபோது சத்தம் ஈரமாக இருந்தது.

ஹெர்லிந்தாவின் புறங்கையில் ஏதோ விழுந்தது.

சூடாக. சிவப்பாக.

"சென்யோரா ஹெர்லிந்தா! எங்க அரண்மனை ரெடியா?" ருஃபினோ சிரித்துக்கொண்டே படியேறி வந்தான். பின்னால் டெல்மீரா. டக். சர்ர்ர்.

ஹெர்லிந்தா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

அவன் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டுக்கொண்டே நடந்தான். "இந்தத் தளம் வாடகைக்கு, நமக்கு இதுக்கு மேல் தளம். இதே கோட்டுல இங்க சமையக்கட்டு. இங்க படுக்கை. கதவு இங்க ஒண்ணே ஒண்ணு. போதும், இவளுக்கு ஊர் சுத்துற வியாதி ஜாஸ்தி." மனைவியின் பின்கழுத்தைப் பிடித்து ஆட்டினான். விளையாட்டுப்போலத்தான். ஆனால் விரல்கள் தோலுக்குள் புதைந்திருந்தன. டெல்மீரா சிரித்தாள்.

"என்ன சென்யோரா, பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

ஒரு வாக்கியம் போதும். தூணில் விரிசல் இருக்கிறது, இந்த இடம் தாங்காது, வேறு பார்க்கலாம். வாய் வரை வந்தது. கூடவே அந்த நீலக் கதவும் வந்தது. அவள் தன்னையே வெறுத்தாள். வெறுத்துக்கொண்டே பையிலிருந்து தாளையும் பேனாவையும் எடுத்தாள்.

"மத்தியானம் சாப்பிடல. வேற ஒண்ணும் இல்ல."

ருஃபினோ கிறுக்கிவிட்டுப் பேனாவை ஹெர்லிந்தாவிடம் திருப்பிக் கொடுத்தான். தாளை மனைவி பக்கம் தள்ளினான்.

மேலே மூச்சு வாங்கியது. மிக அருகில். தளத்தில் கன்னம் வைத்துப் படுத்திருக்கும் ஒருத்தியின் மூச்சு. வாய் நிறைய ரத்தத்தோடு அது பேசியது.

"அக்கா."

ஹெர்லிந்தா பேனாவை இறுகப் பிடித்தாள்.

"ஹெர்லிந்தா அக்கா. எங்கிட்டப் பேனாவக் குடுக்காதீங்க."

எதிரே டெல்மீரா கையை நீட்டிக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் மலர்ச்சி. "பேனா குடுங்கக்கா."

கொடுத்தாள்.

டெல்மீரா நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகத் தன் பெயரைப் போட்டாள். மேலே இழுபடும் கால் நின்றுவிட்டது. அடி நிற்கவில்லை. ஒன்று. ஒன்று. இன்னும் ஒன்று. பதில் சத்தமே இல்லாத எதன் மீதோ. டெல்மீராவின் வகிட்டில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இரண்டு.

"தூறல் போடுதுங்க," என்று புறங்கையால் துடைத்தாள். நெற்றி முழுக்கச் சிவப்பு பரவியது. ருஃபினோ அவள் முகத்தை நேராகப் பார்த்தான். அவன் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"நன்றிக்கா! கோடி நன்றி!" டெல்மீரா ஓடிவந்து கட்டிப்பிடித்தாள், ஈர முகத்தை ஹெர்லிந்தாவின் கன்னத்தோடு அழுத்தி முத்தம் கொடுத்தாள். சூடு கன்னத்தில் ஒட்டியது. உதட்டோரம் வழிந்தது. உப்பு.

மேலே, கனமான ஏதோ ஒன்றை யாரோ இழுத்தார்கள். மெதுவாக. சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே, கதவு வரை.